வாக்குத் தடைப்பட்ட இடம்



தாமிரபரணிக் கரையிலுள்ள திருவைகுண்டம் குமரகுருபர அடிகள் தோன்றிய ஊர். காலம் கி.பி. 17-ஆம் நூற்றாண்டு. ஐந்தாண்டு வரை வாய் பேசாதிருந்த அப்பிள்ளை திருச்செந்தூர்ச் செவ்வேள் அருளால் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பாப் பாடிய வரலாற்றை அறியாத திருநெல்வேலிச் சைவர் இலர். அவர் பிற்காலத்தில் பேச்சிழந்து நின்ற வரலாற்றை நினைப்போர் சிலரே.

மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றித் திருமலை நாயக்க மன்னரால் சிறப்புச் செய்யப்பெற்ற பின்னரே அடிகள் தருமபுரம் சென்றார். எவர்முன் வாக்குத் தடைப்படுமோ அவரே குரு என முருகன் முன்னர் உணர்த்தியிருந்ததாகக் கூறுவர். தருமை ஆதீனத்து நான்காம் குருமூர்த்தி மாசிலாமணி தேசிகர், சுந்தரர் தில்லைக்கூத்தனைக் கண்டு நின்ற நிலையைச் சொல்லும் பெரியபுராணச் செய்யுளைக் காட்டி, அதன் அனுபவப் பொருள் யாதெனக் கேட்டார். சொற்பொருள் கூறுதல் அடிகளுக்கு எளிது. இலக்கணம் காட்டுதல் அதனினும் எளிது. கேட்கப்பட்டதோ அனுபவம். புலமை நின்றுவிட்டது. அடிகள் திருவடியில் வீழ்ந்தார்.

செருக்கு அன்றே ஒழிந்ததெனக் கொள்ளுதல் தகாது. அகங்காரம் அந்தக்கரணங்களுள் ஒன்று. ஆணவமோ செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே உடன் நிற்பது. பலர் கூடி வாழும் மடத்தில் அஃது ஒடுங்குவதும் உண்டு. காவியுடுத்து வளர்வதும் உண்டு. 'நான்' என்னும் சொல்லை விடுத்து 'அடியேன்' எனப் பழகப் பத்து நாள் போதும். பின்னர், எந்த அடியேன் தேசிகரை அணுகி நிற்பவன், எவனுக்குப் பந்தியில் முன்னிடம், எவன் நோன்பு கடியது என்னும் கணக்குத் தொடங்கும். வீட்டில் இல்லாத பொறாமையை மடத்தில் வந்து கற்றாரும் உளர். (கொடுத்த பொருளினும் கல்லில் வெட்டும் பெயரைப் பெரிதாக்கும் இல்லறத்தாரும் இதற்கு விலக்கல்லர்.)

தேசிகர் இதனை நன்கறிந்தவர். துறவு வேண்டிய அடிகளுக்கு அதனை உடனே அருளாது, காசி யாத்திரை செய்து வருக என்றார். குருவை நெடுநாள் பிரிதற்கு அடிகள் வருந்தவே, தில்லையிற் சிலகாலம் உறைக எனப் பணித்தார். தம்மிடம் அடங்கிய சீடனைத் தம்மருகே நிறுத்திக்கொள்ளாமல் இறைவன் சந்நிதிக்கே அனுப்பினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சீடனுடைய அறிவையும் பொருளையும் தமதாக்கிக்கொள்ளும் குருவிடத்தில் ஆணவம் அழிவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவரிடம் இடம் பெயர்கிறது. அத்தகைய அடைக்கலத்தைச் சைவம் கேட்கவில்லை.

பாடுவதை விடுக எனவும் தேசிகர் சொல்லவில்லை. வழியில் புள்ளிருக்குவேளூரில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும், தில்லையில் சிதம்பர மும்மணிக்கோவையும் பிறந்தன. ஆசிரியர்மேற் பாடியது பண்டார மும்மணிக்கோவை. அதே நா, அதே தமிழ்.

மன்னர் அளித்த பொருளை அடிகள் குருவின் திருமுன் வைத்தபோதும், அதனைக் காசியில் அறத்திற்கு ஆக்குக எனத் தேசிகர் பணித்ததாக வரலாறு. முன்னர்ப் பிரிவுக்கு அஞ்சிச் செல்லாத அக்காசிக்கே அடிகள் சென்றார். கேதார கட்டத்தில் மடம் நிறுவினார். தாமிரபரணிக் கரையிற் பிறந்தவர் கங்கைக் கரையிலேயே சிவப்பேறு எய்தினார்.