டீவி பெட்டி எத்தனை வருடம் உழைக்கும்?

(தீபாவளிக்கு முந்திய மாதம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நாங்கள் பேச வந்தது போசாக்கைப் பற்றியுமல்ல, குடிதண்ணீரைப் பற்றியுமல்ல. டீவி பெட்டியைப் பற்றி. சிரிக்காதீர்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வரப்போகிறது. முதலில் பிள்ளைகளுக்குத் துணி, அடுத்ததாகப் பல வீடுகளில் ஒரு புது டீவி. அதுவும் தவணைக்கு. தவணை முடியும் முன்னமே பெட்டி இருண்டு போனால் என்ன செய்வது என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

நம் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம். ஒரு அக்கா தவணைக்கு 32 அங்குல டீவி எடுத்தார். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. ஒரு நாள் இரவு சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை. அடுத்த ஞாயிறு டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "பேனல் போச்சு, இனி திருத்த ஏலாது, புதுசு ஒன்னு எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தீபாவளி நேரம், பிள்ளைகள் அழுதார்கள். அக்கா காதுத் தோட்டை அடகு வைத்து இன்னொரு டீவி எடுத்தார். பழையதற்கு இன்னும் நாலு மாதத் தவணை பாக்கி.

பழைய பெட்டி இஸ்தோப்பில் கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்தது. பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, மின்சாமான் திருத்தும் வேலை பார்ப்பவர், அதை உள்ளே கொண்டுவந்து பிளக்கைக் குத்தினார். லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச் லைட்டைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது! பேனல் சாகவில்லை. பின்னால் வெளிச்சம் கொடுக்கும் விளக்குப் பட்டிதான் எரிந்து போயிருந்தது. பட்டியை மாற்றினார். செலவு புதுப் பெட்டி விலையில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை. அந்த டீவி இன்றைக்கும் ஓடுகிறது. தோடு மட்டும் இன்னும் மீளவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1979இல் ஐ.ரி.என்.னும், 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அந்தக் காலத்துப் பெரிய முதுகு வைத்த பெட்டியில், கண்ணாடிக் குழாயே வெளிச்சத்தையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்தது. இப்போதைய தட்டை டீவி அப்படியல்ல. கடையில் எல்.ஈ.டி. டீவி என்று சொல்வதும் எல்.சி.டி. திரைதான். அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரைக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் பட்டி பட்டியாக இருக்கும். தேர் அலங்காரத்து மின்விளக்கு மாலை போல ஒன்றோடொன்று தொடுத்திருப்பதால், ஒன்று எரிந்தால் வரிசையே அணைந்து போகும். பல பெட்டிகளில் ஒரு வரிசை போனதும் மற்றதையும் பெட்டியே நிறுத்திவிடும். ஆகவே சத்தம் வந்து படம் வராவிட்டால், "டீவி செத்துப்போச்சு" என்று முடிவெடுக்காதீர்கள். முதலில் டோர்ச் லைட்.

சிவப்பு லைட்டே எரியாமல் கிடந்தால் அநேகமாகக் கரண்ட் கொடுக்கும் பலகையில் கோளாறு. அதில் கெப்பாசிட்டர் என்று சின்ன டப்பா போல சில துண்டுகள் இருக்கும். தலை வீங்கியிருந்தால் பழுது. 2000க்குப் பிந்திய முதல் சில வருடங்களில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் பரவி, கம்ப்யூட்டரும் டீவியுமாக ஏராளமான பெட்டிகளைக் கெடுத்தன. இதுவும் மாற்றக்கூடியதுதான். திரையில் வெடிப்பு, கோடு கோடாக நிறம், பாதிப் படம் என்றால்தான் உண்மையிலேயே பேனல் சந்தேகம். பேனல் விலை கிட்டத்தட்ட டீவி விலைக்கே வந்துவிடும். அப்போது புதுசு எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் ஒன்று. திருத்தத் தெரியாதவர் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கி நிற்கும்.

எத்தனை வருடம் உழைக்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? பின்விளக்குக்கு 30,000 மணித்தியாலம், அதற்கு மேலும் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்வார்கள். அது வெளிச்சம் பாதியாகக் குறைய எடுக்கும் காலம். ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் பார்த்தால் 30,000 என்பது பதின்மூன்று வருடத்துக்கு மேல். காலையில் பெரட்டுக்குப் போகும்போது போட்டு, இரவு படுக்கும்வரை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 14 மணித்தியாலம் ஓடவிட்டால் ஆறு வருடத்துக்குள் முடிந்துவிடும். இதுவும் விளக்கு நல்லதாக இருந்து, சூடு பிடிக்காமல் இருந்தால்தான். மலிவுப் பெட்டியில் விளக்கை முழு வேகத்தில் எரிய விட்டிருப்பார்கள். கடையில் பளபளவென்று காட்ட ஒரு அமைப்பு வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வீட்டு அமைப்புக்கு மாற்றி, பேக்லைட்டைப் பாதியளவுக்கு இறக்குங்கள். ரிமோட்டிலேயே செய்யலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் செய்து தரும். இதற்குச் செலவே இல்லை.

இனி எங்கள் மலைக்கென்று இருக்கும் எதிரி, இடி மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிதான். இதில் நாங்களே குற்றவாளி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கூட்ட மண்டபத்து டீவியை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். இடி முழங்கியதும் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினோம், பெருமையாகத்தான் இருந்தது. டிஷ்ஷிலிருந்து வரும் வயரைக் கழற்ற மறந்துவிட்டோம். அந்த வயர் வழியாக வந்தது டிஷ் பெட்டியையும் டீவியையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பிளக்கையும் பிடுங்க வேண்டும், டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். அதையும் இடி பக்கத்தில் வருமுன் செய்ய வேண்டும். தலைக்கு மேல் முழங்கும்போது வயரில் கை வைக்க வேண்டாம். டீவி போனால் போகட்டும்.

கரண்ட் போய் வரும்போதும் கவனம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டினார்களே, அப்போது கரண்ட் வந்த நொடியில் பழுதான சாமான்களை இங்கேயே பார்த்தோம். கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கி, வந்து ஐந்து நிமிடம் கழித்துக் குத்துங்கள். ஒரே நீட்டு வயரில் டீவி, ரைஸ் குக்கர், அயன் எல்லாவற்றையும் குத்துவது டீவிக்கும் கூடாது, லயத்துக்கும் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விறகடுப்பு இருக்கும் காம்பராவில் டீவி வைக்காதீர்கள். புகைக்கரி காற்றுத் துளையை அடைத்துச் சூடேற்றும். மேலே துணி போட்டு மூடினால் ஓடும்போது எடுத்துவிடுங்கள். சூட்டுக்குப் பல்லி உள்ளே போய்ப் பலகையில் செத்துக் கிடப்பதும் நடக்கிறது. ஈரத்துணியால் திரையைத் துடைத்தால் தண்ணீர் கீழ் ஓரத்தில் இறங்கி, அங்கே இருக்கும் மெல்லிய இணைப்பைக் கெடுக்கும். காய்ந்த மெதுவான துணி போதும். கடையிலிருந்து கொண்டுவரும்போது லொறியில் படுக்கப் போடாமல் நிமிர்த்திப் பிடித்து வாருங்கள். பழைய லயத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். மேசையில் வைத்தால் பின்னால் கட்டுங்கள், சின்னப் பிள்ளை பிடித்து இழுத்தால் மேலே விழும்.

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "ஐயா, மூனு வருஷம் வாரண்டின்னு சொன்னாங்களே, பொறகு எதுக்குப் பயம்?" நல்ல கேள்வி. அட்டையை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும்; பேனலுக்கு எவ்வளவு, மின்னலால் பழுதானால் உண்டா இல்லையா என்பது சின்ன எழுத்தில் இருக்கும். மின்னலை அநேகமாகச் சேர்க்கமாட்டார்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள். பில்லையும் அட்டையையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பைக்குள் வையுங்கள். உத்தரவாதம் இருந்தும் கடைக்காரர் தட்டிக்கழித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. எழுதத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள், எங்கள் காரியாலயத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

அந்தத் தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வருகிறார். பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு காலை பிள்ளைக் காம்பராவில் இருப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். இருண்டு கிடக்கும் பெட்டி இருப்பவர்கள் அன்றைக்குக் கொண்டு வாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை. அதுவரைக்கும் புதுசுக்கு முன்பணம் கட்டவேண்டாம்.