பதினோராம் எண் கூண்டும் பள்ளி ரவுட்டரும்

(பாம்பனில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



பாம்பனுக்கு வந்துவிட்டுப் புயல் கூண்டைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1 ஏற்றினால் புயல் தொலைவில். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். அதோடு முடிந்தது என்றுதான் நம் பிள்ளைகளில் பலர் நினைக்கிறார்கள். 11-ஆம் எண்ணும் உண்டு. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வராததையும் ஒரு செய்தியாக எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அதன் அருமை இந்த ஊருக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு இங்கிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயிலுக்கு முன்னால் சிக்னல் செயலிழந்திருந்தது. நின்ற ரயில் பிறகு நகர்ந்தது. 100-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. பிற்காலத்தில் பழைய பாலத்தில் காற்றுமானி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும்படி அமைத்திருந்தார்கள்.

நம் ஹைடெக் லேப் மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் ரவுட்டருக்கு வருவோம். இணையவழி மதிப்பீட்டின் நடுவே இணைப்பு போகிறது. "நெட் இல்லை சார்" என்கிறோம். "எப்போது போனது? எத்தனை முறை?" என்று கேட்டால் கையில் பதில் இல்லை. சேவை நிறுவனத்தார் லைன் சரி என்கிறார்கள். பழி ஆசிரியர் தலையில் விழுகிறது. பதிவு இருந்தால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் கடிகாரம். பல சிறிய ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் 1970 ஜனவரி 1 என்றுகூடக் காட்டும். நேரம் தவறிய பதிவு எதற்கும் உதவாது. அமைப்புப் பக்கத்தில் என்.டி.பி. என்ற இடத்தில் நேர சர்வரைக் கொடுத்து, நேர மண்டலத்தை +5:30 ஆக்குங்கள். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட நெறிமுறை, என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்கச் சொல்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அரசு அமைப்புகளுக்கும் அது பொருந்தும்.

அடுத்ததுதான் முக்கியம். ரவுட்டர் தன் பதிவைத் தன் நினைவகத்தில்தான் எழுதுகிறது. இடம் நிரம்பினால் பழையது அழியும். மின்சாரம் போனால் பெரும்பாலும் எல்லாமே போகும். எந்த நேரத்துப் பதிவு நமக்கு வேண்டுமோ, அதுவே மிஞ்சாது. ஆகவே 'ரிமோட் லாக்' அல்லது 'சிஸ்லாக்' என்ற இடத்தில் லேப் கணினி ஒன்றின் ஐ.பி. முகவரியைக் கொடுங்கள். அந்த முகவரி மாறாததாக இருக்கட்டும், கணினி யூ.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். லினக்ஸ் என்றால் ஆர்சிஸ்லாக் போதும். யூ.டி.பி. 514-ஆம் போர்ட்டைப் பள்ளி வலைக்குள் மட்டும் திறந்துவிடுங்கள். யூ.டி.பி. என்பது சாதாரணத் தபால் மாதிரி, போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

எவ்வளவு எழுத வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை படிகள் உண்டு. கூண்டுக்கு நேர்மாறு இது: 0 தான் பேராபத்து, 7 வெறும் சலசலப்பு. தொடக்கத்தில் 6 வரை வையுங்கள். 7 வைத்தால் வெள்ளம் போல் வந்து குவியும், யாரும் படிக்க மாட்டார்கள்.

பதிவு மட்டும் போதாது. செத்த ரவுட்டர் தான் செத்துவிட்டதாக எழுதி அனுப்பாது. அதே கணினியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரையும், வெளியே ஒரு முகவரியையும் பிங் செய்து, விடையை நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்க்கட்டும். ரவுட்டர் பதில் தருகிறது, வெளி முகவரி தரவில்லை என்றால் கோளாறு பள்ளிக்கு வெளியே. ரவுட்டரே பேசவில்லை என்றால் அதுதான் நம் பதினோராம் எண்.

இப்படி வைத்த பிறகு எங்கள் பள்ளியில் ஒன்று புரிந்தது. 'லைன் போச்சு' என்று நாங்கள் சொன்னவற்றில் பலவற்றை அடுத்து 'சாதனம் தொடங்கியது' என்ற வரி இருந்தது. அது லைன் கோளாறு இல்லை, மின்சாரம். வேறு சில நாட்களில் சாதனம் அணையவே இல்லை, இணைப்பு மட்டும் நிமிடத்துக்கு நாலு முறை போய் வந்தது. கழற்றிப் பார்த்தால் கேபிள் முனையில் பச்சைக் களிம்பு. உப்புக் காற்று பாலத்தை மட்டுமா அரிக்கும்?

ஒரு எச்சரிக்கை. சில சாதனங்களில் எந்தப் பிள்ளை எந்தத் தளத்தைப் பார்த்தது என்பதையும் பதியலாம். நமக்குத் தேவை சாதனத்தின் நலம், பிள்ளையின் நடமாட்டம் அல்ல. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவைத் தனியே காக்கிறது. அந்த வசதியை அணைத்தே வையுங்கள். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இணையக் கேபிளைக் கழற்றி, இரண்டு நிமிடம் கழித்து மாட்டுங்கள். இரண்டும் சரியான நேரத்தோடு கோப்பில் விழுந்திருக்க வேண்டும். பிறகு மின்சாரத்தையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். மேசைக்கு ஒரு ரவுட்டர் வைத்திருக்கிறோம், இப்போதே தொடங்கலாம்.