வீட்டுப் பட்டறையும் விபத்துத் தடுப்பும்

மாணவச் செல்வங்களே,

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். 'எதையும் கவனமாகச் செய்யுங்கள்' என்று வகுப்பறையில் நான் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. அப்படிச் சொன்ன நானே கவனம் பிசகி, என் வீட்டு வண்டிக் கொட்டகையைத் தீக்கு இரையாக்க இருந்தேன். இன்று உங்கள் முன் பேச எனக்குள்ள தகுதி நான் பெற்ற பட்டங்கள் அன்று. அந்தப் பிழையே ஆகும். ஆதலின் அதைச் சொல்லியே தொடங்குகிறேன்.

2019ஆம் ஆண்டு சித்திரை மாதம். அழகர் வைகையில் இறங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். என் வீடு அழகர்கோயில் சாலையில், நகரம் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் உள்ளது. ஓய்வுக்காலப் பொழுதுபோக்காக, வண்டி நிறுத்தும் கொட்டகையின் ஒரு பாதியைச் சிறு பட்டறையாக்கி இருந்தேன். துளையிடும் கருவி ஒன்று, மரம் இழைக்கும் எந்திரம் ஒன்று, கையில் பிடித்து இயக்கும் கிரைண்டர் ஒன்று, இவையே என் உடைமைகள். நம் வீடுகளில் கிரைண்டர் என்றால் மாவரைக்கும் எந்திரம். பட்டறையிலோ அப்பெயர் இரும்பைத் தேய்க்கவும் அறுக்கவும் பயன்படும் கருவியைக் குறிக்கும்.

அன்று பழைய இரும்புக் கதவின் கம்பி ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது. கிரைண்டரின் வட்டைச் சுற்றியுள்ள காப்பு மூடி, கம்பியின் மூலையில் இடித்தது. அதைக் கழற்றி வைத்தேன். விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது வயது ஒன்பது. "தாத்தா, அந்த மூடி எதுக்கு? அதை ஏன் கழட்டுறீங்க?" என்று கேட்டான். "ஒரே ஒரு கம்பிதானப்பா, ஒரு நிமிட வேலை" என்றேன்.

வேலை முடிந்தது. கதவைச் சாத்திவிட்டு உண்ணச் சென்றேன். அரைமணி நேரம் கழித்துத் துணி கருகும் நாற்றத்தை என் மனைவிதான் முதலில் உணர்ந்தார். தெறித்த பொறிகளில் ஒன்று, மேசைக்கடியில் இருந்த பனியன் வேஸ்ட் மூட்டைக்குள் புகுந்து, புகையின்றிக் கனன்றிருக்கிறது. நாங்கள் ஓடிச் சென்றபோது மேசை எரிந்துகொண்டிருந்தது. இரண்டு முழ தூரத்தில் பெட்ரோல் நிறைந்த ஸ்கூட்டர். அதன் அருகே வர்ணத்தில் கலக்கும் தின்னர் தகரம். மெயின் சுவிட்சை அணைத்து, அடுத்த மனையில் வீடு கட்டக் குவித்திருந்த மணலை அண்டை வீட்டார் அள்ளி வந்து கொட்டவே தீ அடங்கியது. மேசையும் மின்கம்பிகளும் பாழாயின. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் அந்தச் சிறுவன் மீண்டும் அங்கே விளையாடச் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் சில இரவுகளில் என் உறக்கத்தைக் கெடுக்கிறது.

அவன் கேட்ட வினாவுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

அம்மூடி எதற்கு? சிறிய கிரைண்டரின் வட்டு 10 சென்டிமீட்டர் விட்டமுடையது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்வது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சுற்றளவு 31.4 சென்டிமீட்டர். அதை 11,000ஆல் பெருக்கினால், விளிம்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல்! மதுரையிலிருந்து சென்னை செல்லும் எந்த ரயிலும் இவ்வேகத்தை எட்டுவதில்லை. வட்டு உடைந்தால் துண்டுகள் அந்த வேகத்திலேயே பறக்கும். அவற்றுக்கும் முகத்துக்கும் இடையே நிற்பது அந்த ஒரு தகட்டு மூடிதான்.

வட்டின்மேல் அது தாங்கக்கூடிய சுழற்சி வேகமும், எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்க அரை நிமிடம் போதும். கீழே விழுந்த வட்டையும் விரிசல் கண்ட வட்டையும் எறிந்துவிட வேண்டும். மரம் அறுக்கும் பல்வட்டைக் கிரைண்டரில் மாட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அது மிகக் கொடியது. பல் மரத்தில் சிக்கியதும் கருவி துள்ளி, பிடித்திருக்கும் கையை விட்டு உடலின்மேல் பாயும்.

அடுத்தது உடை. மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, பின்னாத கூந்தல், தளர்ந்த கைச்சட்டை, இவை யாவும் சுழலும் பொருளுக்கு இரை. துளைக்கருவியில் கையுறைகூடப் பகையாகும். நூல் சிக்கினால் விரல் தப்பாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இன்றியமையாதது. படிக்கும் கண்ணாடி அதற்கு ஈடாகாது. பக்கவாட்டில் திறப்பு உண்டு. 1976இல் டாக்டர் வெங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் நகரில் இருக்கிறது. உலகமே போற்றும் அந்த மருத்துவமனை அருகில் இருப்பது நம் பேறுதான். எனினும் கருவிழியில் இரும்புத்தூள் தைத்த பின் அங்கே செல்வதைவிட, தைக்காமல் காப்பதே அறிவுடைமை.

இனி மின்சாரம். மூன்று முனைச் செருகியில் ஒரு முனை மற்றவற்றைவிட நீண்டும் பருத்தும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவே 'எர்த்' எனப்படும் நிலத்தொடர்பு. மின்சாரம் வருமுன் காப்பு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே அதனை நீளமாகச் செய்தனர். அதை ஒடித்துவிட்டு இரண்டு துளைகளில் செருகுவதும், கம்பியின் நுனிகளைத் தீக்குச்சியால் துளைகளில் திணிப்பதும் எமனுக்கு இலை போடுவதாகும். சில கருவிகளுக்கு இரண்டு முனைகளே இருக்கும். அவற்றின் உடலில் சதுரத்துக்குள் சதுரம் என ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்புடையது என்பது அதன் பொருள்.

'வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே' என்பர் சிலர். ஃபியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. 230 வோல்ட்டில் எரியும் பழைய 60 வாட் குண்டு பல்பில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 260 மில்லிஆம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்காகிய 30 மில்லிஆம்பியர் உடலின் வழியே கசிந்தாலே உயிருக்கு ஆபத்து நெருங்கிவிடும். அந்தச் சிறு கசிவை ஃபியூஸ் அறியாது. அதை அறிந்து இமைப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்றே ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்பான் உள்ளது. உங்கள் வீட்டு மின்பலகையில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, உடனே மின்சாரம் நிற்கிறதா என்றும் பாருங்கள். வட்டையோ துளையூசியையோ மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையே பிடுங்கிவிட வேண்டும்.

இறுதியாகத் தீ. எங்கள் கொட்டகை சிமெண்டுத் தளம் போட்டது. இதில் என்ன எரியப் போகிறது என்று நானும் இறுமாந்திருந்தேன். 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே வீரவசந்தராயர் மண்டபத்தில் நிகழ்ந்ததை நம் ஊரார் மறக்கவில்லை. அது கல்மண்டபம். கல் எரிவதில்லை. ஆனால் அங்கிருந்த கடைகளின் சரக்கு எரிந்தது. அந்த வெப்பத்தில் தூண்கள் வெடித்தன, மேற்கூரை சரிந்தது. பல நூற்றாண்டு நின்ற மண்டபம் ஓர் இரவில் சிதைந்தது. கட்டடம் எதனால் ஆனது என்பதன்று கேள்வி. அதற்குள் எதை வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

எதை எதனருகில் வைக்கிறோம் என்பதும் அதே அளவு பெரிய கேள்வி. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. வெடிமருந்து சுமந்து வந்த அக்கப்பலில் கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றியிருந்தனர். பஞ்சில் பற்றிய தீ வெடிமருந்தை எட்டியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்; அவர்களுள் 66 பேர் தீயணைக்கச் சென்ற வீரர்கள். அவ்வீரர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாயிற்று. என் கொட்டகையும் பஞ்சு, எண்ணெய், பொறி ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்த ஒரு குட்டிக் கப்பல்தானே!

பெட்ரோல் நீராவிபோல் மேலெழுந்து மறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள பொறியைத் தேடிச் செல்லும். கொடைக்கானல் குளிரிலும் அது தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் என்றால், மதுரைக் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால், பொறியே இல்லாமல் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதை வெளியே விரித்து உலர்த்த வேண்டும். பொறி பறக்கும் வேலைக்கு முப்பத்தைந்து அடிச் சுற்றளவில் எரியும் பொருள் இருத்தலாகாது என்பது தொழிற்கூடங்கள் மேற்கொள்ளும் நெறி. வீட்டில் அவ்வளவு இடம் ஏது என்பீர்கள். வேலையை வெளி முற்றத்துக்குக் கொண்டு செல்லலாமே! வேலை முடிந்த பின் அரைமணி நேரமாவது, இயலுமாயின் ஒரு மணி நேரம், அவ்விடத்தைக் கண்காணித்தல் வேண்டும். நான் உண்ணச் சென்றது அந்த அரைமணி நேரத்தில்தான்.

மின்சாரத்திலும் பெட்ரோலிலும் பற்றிய தீயின்மேல் நீர் ஊற்றாதீர்கள். ஒரு வாளி மணலும் உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் வாசலருகே இருக்கட்டும். தீ உங்களை மீறினால் கதவைச் சாத்தி வெளியேறி, 101ஐ அழையுங்கள். தீக்காயத்தின்மேல் மாவும் பற்பசையும் பூசாமல், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள்.

நம் கவனக்குறைவின் விலையை எப்போதும் நாமே செலுத்துவதில்லை. 2020 நவம்பர் 14, தீபாவளித் திருநாளின் விடியற்காலையில், விளக்குத்தூண் பகுதியில் ஒரு ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற வீரர் இருவர் கட்டடம் இடிந்து மாண்டனர். ஊர் உறங்கும்போது அவர்கள் விழித்திருந்தனர். தீயைத் தடுக்கும் ஒவ்வொருவரும் அத்தகைய வீரர் ஒருவருக்கும் காவலாகின்றனர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தந்தையோ மாமாவோ, ஏன், உங்கள் ஆசிரியரோ காப்பு மூடியைக் கழற்றக் கண்டால், 'ஏன்?' என்று பணிவோடு கேளுங்கள். 'ஒரு நிமிட வேலை' என்று அவர்கள் சொன்னால், மறுபடியும் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அன்று, அன்பின் கடமை. இப்போது என் பேரன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், பட்டறையைச் சோதித்த பிறகே என்னைக் கருவியைத் தொட விடுகிறான். மூடி இருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா, மணல் வாளி நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறான். அவனுக்கு நான் கீழ்ப்படிகிறேன்.