ஸ்கடர் குடும்பம்: பாலாற்றங்கரையில் ஒரு குடிப்பெயர்



குடிப்பெயரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் இங்கே சிலருக்கு நெருடியிருக்கும். நெருடத்தான் வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதில்லை என்று தீர்மானித்தது. அதன் பிறகு நமக்குத் தலைப்பெழுத்து போதும் என்றாகிவிட்டது. ஒருவருடைய பெயரைப் பார்த்து அவருடைய பாட்டன் பூட்டனைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை என்பதுதான் அந்தத் தீர்மானத்தின் நியாயம். அதை நான் முழுமனதாக ஏற்கிறேன்.

ஆனாலும் இந்தத் தோல் வட்டாரத்தில் குடும்பப் பெயர் புதிதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் வணிகக் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு. தோல் ஷாப் வாசல்பலகையில் இருந்த பெயர் பள்ளிக்கூடத்துக்கும் சத்திரத்துக்கும் ஏறியது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயர் ஒரு கல்லூரிக்கே இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களில் இரண்டு விதத்தையும் பார்க்கிறோம். இத்தாலியில் பிறந்த பெஸ்கி தன் குடிப்பெயரை விட்டு வீரமாமுனிவர் ஆனார். நான் இன்று சொல்லப்போகும் அமெரிக்கக் குடும்பம் தன் பெயரை விடவில்லை. இராணிப்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கும், வேலூர் பாகாயத்தில் ஓர் அரங்கத்துக்கும் இன்றும் அந்தப் பெயர்தான்: ஸ்கடர்.

ஸ்கடர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ஒரே ஒருவர், வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா. அது முழுக்க நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு தலைமுறைகளில் அந்தக் குடும்பத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிஷனரி ஊழியத்துக்கு வந்தார்கள். அவர்கள் உழைத்த காலத்தைக் கூட்டினால் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும். அதே சமயம், ஐடாவின் பெயர் நின்றதற்கும் மற்றவர்கள் பெயர் மங்கியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அந்தக் காரணத்தைத்தான்.

முதலாமவர் ஜான் ஸ்கடர். 1793-ல் நியூ ஜெர்சியில் ஃப்ரீஹோல்டு என்ற ஊரில் பிறந்தவர். நியூயார்க்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, மனைவி ஹேரியட் வாட்டர்பரியோடு 1819-ல் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்பட்ட முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைக் குறிப்பிடுவார்கள். அவர் வந்து இறங்கிய தமிழ்மண் வேலூர் அல்ல, யாழ்ப்பாணம். பண்டத்தரிப்பில் மருத்துவமும் பள்ளியும் நடத்தினார். 1836-ல் மிரான் வின்சுலோவோடு சென்னைக்கு வந்தார். ஆமாம், தமிழ் அகராதி தந்த அதே வின்சுலோ. ஹேரியட் 1849-ல் சென்னையில் இறந்தார். ஜான் 1855-ல் நன்னம்பிக்கை முனைக்கு அருகே வைன்பர்க்கில் காலமானார்.

இவர்களுடைய மகன்களில் ஏழு பேர் மிஷனரிகள் ஆனார்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின், 1822-ல் பண்டத்தரிப்பில் பிறந்தவர். தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, தமிழில் நூல்களும் எழுதினார். 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு அவர்தான் முன்னோடி. வில்லியம் வாட்டர்பரி, ஜோசப், எசேக்கியல், ஜேரட் வாட்டர்பரி, சைலஸ் டௌனர், ஜான் என்று தம்பிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வாட்டர்பரி என்பது தாயின் குடிப்பெயர். திருமணத்தோடு ஹேரியட்டின் கையொப்பத்திலிருந்து மறைந்த அந்தப் பெயர் இரண்டு மகன்களின் நடுப்பெயராகத் தங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் அந்நிய வெயிலில் பிள்ளை பெற்று, பிள்ளையைப் பறிகொடுத்து, பள்ளி நடத்திய ஒரு பெண்ணுக்குக் குடும்பப் பட்டியலில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

ஏழு பேரில் இந்த வட்டாரத்தார் மறக்கக் கூடாதவர் சைலஸ். 1866-ல் இராணிப்பேட்டையில் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். இன்றைய ஸ்கடர் நினைவு மருத்துவமனையின் வேர் அதுதான். உடல் நலிந்து ஊர் திரும்பி, 1877-ல், 44 வயதில் இறந்தார். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதே மருத்துவமனையை நடத்தியவர் அடுத்த தலைமுறைகளில் வந்த கேலன் ஸ்கடர். இராணிப்பேட்டை தோல் ஊராக மாறியதை அந்த மருத்துவமனை கூடவே இருந்து பார்த்திருக்கிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் ஊறிய காலத்தையும் பார்த்தது, குரோம் வந்த காலத்தையும் பார்த்தது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களின் கால் வெடிப்பு, குரோம் பட்டவர்களின் கையில் வட்டமாகக் குழிந்து ஆறாமல் நிற்கும் புண் ஆகியவற்றை இவ்வட்டார மருத்துவர்களுக்கு நூலைப் புரட்டிக் காட்ட வேண்டியதில்லை.

இனி ஐடாவை மருத்துவத்துக்குத் திருப்பிய அந்த இரவுக்கு வருகிறேன். நீங்கள் அனைவரும் அறிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1890-ஐ ஒட்டிய காலம், ஊர் திண்டிவனம். படிப்பு முடித்துப் பெற்றோரைப் பார்க்க வந்திருந்த ஐடாவிடம் ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு மேல்சாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் உள்ளே வரக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் ஐடாவின் பக்கமிருந்து சொல்கிறோம். அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார், ஐடாவின் தந்தை, இரண்டாம் ஜான் ஸ்கடர். பயின்ற மருத்துவர், மூன்று உயிர்களுக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்தவர். தன்னால் ஆகக்கூடியதைச் செய்ய வாசலில் தயாராக இருந்தும் வேண்டாம் என்று மறுக்கப்பட்டவர். ஐடாவின் பாட்டனார் யாழ்ப்பாணம் வந்து அதற்குள் எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுபது ஆண்டுகளாக அந்தக் குடும்பத்து ஆண்கள் தமிழ் கற்றார்கள், தமிழில் எழுதினார்கள், வெட்டினார்கள், கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள். பேறுகால அறையின் வாசற்படியை மட்டும் அவர்களால் தாண்ட முடியவில்லை. மக்களில் பாதிப்பேர் அந்த அறைக்குள்தான் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்து இரவு ஒரு பெண்ணுக்கு அழைப்பு வந்த இரவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு பெரும் குடும்பத்தின் எழுபது ஆண்டு உழைப்பு எங்கே முட்டி நின்றது என்று காட்டிய இரவும் அதுதான்.

ஐடா 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்தவர். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்று, 1900 தொடக்கத்தில் திரும்பி வந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். கையைப் பிடித்துத் தொழில் காட்ட ஆளில்லை. வேலூர்ப் பங்களாவில் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், அதுதான் மருத்துவமனை. முதல் உதவியாளர் சலோமி, வீட்டுச் சமையல்காரரின் மனைவி. செவிலியர் பள்ளி எதுவும் இல்லாத நாளில் ஐடா காட்டக் காட்டக் கற்றுக்கொண்டு, அறுவைக்கும் பிரசவத்துக்கும் கூட நின்றவர். 1902-ல் நாற்பது படுக்கைகளோடு திறந்த மருத்துவமனைக்கு மேரி டேபர் ஷெல் என்று பெயர் வைத்தார்கள். நியூயார்க்கில் ஒருவர் இறந்த தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்திருந்தார். வேலூரைக் கண்ணாலும் பார்க்காத அந்த அம்மையாரின் பெயரை, ஆரணி ரோட்டில் இருக்கும் கண் மருத்துவமனைக்குப் போகிற ஒவ்வொருவரும் இன்றும் சொல்கிறார்கள். கூட நின்று இரத்தம் துடைத்த சலோமியின் பெயரைச் சொல்பவர் எத்தனை பேர்? பணம் கொடுத்தவரின் பெயர் கல்லில் ஏறுவதில் தவறில்லை. நாம் கூடியிருக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவே அப்படி ஒரு பெயரில்தான் நடக்கிறது. உழைத்தவரின் பெயரும் அதே கல்லில் ஏற வேண்டும் என்பது என் கட்சி.

1909-ல் ஐடாவுக்கு ஒரு பெஜோ மோட்டார் கார் வந்தது. வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் போய், குறித்த மரத்தடிகளில் நிறுத்தி, காத்திருக்கும் நோயாளிகளைப் பார்ப்பார். குதிரையும் மாடும் இல்லாமல் வண்டி ஓடி வருவதைக் கண்டு முதலில் ஜனங்கள் ஓடினார்களாம். பிறகு அந்த மரத்தடிகளே மருத்துவமனையின் கிளைகளாகிவிட்டன. கண்நோய், சொறி சிரங்கு, ஆறாப் புண், குஷ்டம் என்று எல்லாம் அங்கே வந்தன. அதே 1909-ல் செவிலியர் பயிற்சியும் தொடங்கியது.

இவ்வளவு செய்தும் ஐடா இன்னொரு ஸ்கடராகவே இருந்திருப்பார், ஒரு முடிவை எடுக்காமல் இருந்திருந்தால். தன் அண்ணன் தம்பி பிள்ளைகளை வரவழைத்துக் குடும்பத் தொழிலாக அதை நடத்திக்கொண்டே போயிருக்கலாம். குடும்பத்தில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் மகள் ஐடா பெல் ஸ்கடர் பின்னாளில் வேலூரிலேயே கதிரியக்கத் துறையில் உழைத்தவர்தான். ஆனால் 1918-ல் ஐடா இந்தியப் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். முதல் அணியிலிருந்து 14 பெண்கள் 1922-ல் தேறினார்கள். திண்டிவனத்து வாசற்படியை எந்தத் தடையும் இல்லாமல் தாண்டக்கூடிய 14 பேர்! ஒரே ஆண்டில் அத்தனை பேர். அவர்களில் ஒருவருக்கும் ஸ்கடர் என்ற பெயர் இல்லை.

1942-ல் அந்தப் பள்ளி எம்.பி.பி.எஸ். படிப்பிக்கும் கல்லூரியானது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கு இந்தியர் ஒருவர் முதன்முதலில் வந்தபோது, அவரும் ஒரு பெண், விசாகப்பட்டினத்தில் பிறந்த ஹில்டா லாசரஸ். பெற்ற பெயரைக் குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைக்காமல், நிறுவனத்தை வேற்றுப் பெயர்க்காரர்களிடம் ஒப்படைத்த காரணத்தால்தான் ஐடாவின் பெயர் நிலைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1960 மே மாதம் கொடைக்கானலில் அவர் இறந்தபோது, தாங்கிப் பிடிக்க ஸ்கடர் யாரும் தேவைப்படாத நிலைக்கு அந்தக் கல்லூரி வந்திருந்தது. 2022-ல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் திறந்த புதிய வளாகம் வரைக்கும் அது வளர்ந்திருக்கிறது.

இன்னொரு ஸ்கடர் குடும்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் என்றாலும் இவர்கள் வேறு கிளை, பாஸ்டன்காரர்கள். டேவிட் காய்ட் ஸ்கடர் என்ற இளைஞர் 1861-ல் மதுரை மிஷனுக்கு வந்தார். மறு ஆண்டே வைகையைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போய் இறந்தார். அவருடைய சகோதரர்களில் சாமுவேல் பூச்சியியல் அறிஞர், ஹொரஸ் புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர். டேவிட் இறந்தபோது, மதுரையில் பிறந்திருந்த அவருடைய பெண்குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. தாய் குழந்தையோடு பாஸ்டன் திரும்பினார்.

அந்தக் குழந்தைதான் வைடா டட்டன் ஸ்கடர். வெல்லெஸ்லி கல்லூரியில் இலக்கியப் பேராசிரியராக இருந்துகொண்டே, பாஸ்டனின் ஏழை வட்டாரத்தில் டெனிசன் இல்லத்தை நடத்தத் துணைநின்றார். அங்கே குடியேறிய இத்தாலியத் தொழிலாளர்களுக்காக ஒரு மன்றம் அமைத்தார். 1903-ல் உருவான பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தொடக்கத்திலும் அவர் இருந்தார். 1912-ல் லாரன்ஸ் நகரத்து நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் மேடையேறிப் பேசினார். பேராசிரியர் பதவியை விட்டு அவர் விலக வேண்டும் என்று கண்டனம் கிளம்பியது. அவர் அசையவில்லை.

மதுரையில் பிறந்த இந்தப் பெண்ணைத் தமிழ்நாடு அறியவே இல்லை. ஆம்பூரில் நின்று பேசும்போது இவரை நான் நினைக்கக் காரணம் உண்டு. விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி, மாலைவரை ஷூவின் மேல்பாகம் தைத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் இந்த ஊரின் முதுகெலும்பு. தைத்த ஷூவுக்குள் யாரோ ஒருவருடைய குடும்பப் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். சில நேரம் அது இத்தாலியப் பெயராகக்கூட இருக்கும். தைத்தவள் பெயர் இருக்காது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் கழிவால் கெட்ட பாலாற்றுக்காகத் தீர்ப்புச் சொன்னபோது, நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே இந்த வட்டாரத்தின் பெயர் ஓர் அடையாளமானது. வட்டாரத்தின் பெயருக்குக் கிடைத்த அந்த இடம், தோல் தொட்டிகளில் நின்றவர்களின் பெயருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த மன்றத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டு சொற்பொழிவோடு ஒரு தொகுப்பு வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்த கம்பவுண்டர்கள், செவிலியர்கள், ஆயாக்கள், வார்டு பையன்கள் குடும்பங்கள் இன்றும் இங்கேதான் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் நியமனக் கடிதம் இருக்கும், பயிற்சிச் சான்றிதழ் இருக்கும், ஷெல் மருத்துவமனை வாசலில் வரிசையாக நின்று எடுத்த புகைப்படம் இருக்கும். புகைப்படத்தின் பின்பக்கம் பெயர் எழுதியிருந்தால் நம் பாக்கியம். எழுதாவிட்டாலும், முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டு, படியெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, படிகளை நம் கல்லூரி நூலகத்தில் சேர்க்கலாம். தோல் ஷாப்களில் வேலை பார்த்தவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். இந்த வேலையை வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.