வெங்கச்சங்கல்லின் ஆறு முகங்கள்



ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களில் கான் வெட்டுகிறவர்களுக்கும் முள்ளுக் குத்துகிறவர்களுக்கும் ஒரு வெள்ளைக் கல் நன்கு பழக்கம். முள்ளில் பட்டால் 'கிணீர்' என்னும். கை விறைத்துப் போகும். அந்த வெங்கச்சங்கல்லைத்தான் புவிச்சரிதவியலார் குவார்ட்ஸ் என்கிறார்கள். இதே கல் தெளிந்தால் கண்ணாடியாகும்; ஆறு பக்கத் தூணாக எழுந்து உச்சியில் கூம்பும். ஆறுமுகம் என்று பேர் சொல்லிக் கூப்பிடலாம்!

தெளிந்த கல்லைக் கடுங்குளிரில் இறுகிப்போன பனிக்கட்டி என்று எழுதிவைத்தார் பழைய ரோமாபுரியின் பிளினி. நுவரெலியாவில் தை மாதத்து உறைபனி கொழுந்தைக் கருக்குவதைக் கண்டவர்களுக்கு அதை நம்பத் தோன்றும். உண்மை நேர்மாறு. இது சுடுநீர் பெற்ற பிள்ளை. நிலத்தின் ஆழத்தில், நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில், ஆவியாகிப் பறக்க வழியில்லாத நீர் பாறையின் சிலிக்காவைக் கரைத்துச் சுமந்துகொண்டு வெடிப்புகளில் ஏறுகிறது. ஆற ஆறச் சுமையை இறக்குகிறது. ஒரு சிலிக்கனுக்கு இரண்டு ஒட்சிசன் என்ற கணக்கில் அணுக்கள் வரிசை பிடிக்கின்றன.

வெடிப்பு முழுவதும் நெருக்கியடித்து நிறைந்துவிட்டால் வடிவம் எதுவும் தெரியாது. ஒன்றையொன்று நெரித்த வெள்ளைக் கட்டிதான். உள்ளே சிறைப்பட்ட நுண்ணிய நீர்த்துளிகளால்தான் அந்தப் பால்நிறம். நடுவே ஒரு பொந்து மிஞ்சினால் மட்டுமே கல் தன் முகத்தைக் காட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் குடும்பமே வளர்ந்த மலையகத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1669இல் ஸ்டெனோ என்ற டென்மார்க்கு அறிஞர் ஒன்றைக் கவனித்தார். கல் நெட்டையோ குட்டையோ, தூணின் அடுத்தடுத்த முகங்களுக்கிடையே கோணம் எப்போதும் 120 பாகை. நெருக்குண்ட வெள்ளைக் கல்லின் மணிகளுக்குள்ளும் அணுக்களின் வரிசை அதே வரிசைதான். வெளியே தெரிய இடமில்லை, அவ்வளவே.

தோட்டத்துரையாக இருந்த ஜோன் போல் என்பவர், மஸ்கெலியா முதலிய இடங்களில் ஆதிமனிதரின் கற்கருவிகளைத் தேடிச் சேர்த்து 1913இல் நூலாக வெளியிட்டார். தேயிலைக்காக மலையைத் திறந்த மண்வெட்டிகள் இல்லாவிட்டால் அவை அவர் கண்ணில் பட்டிருக்குமா? அக்கருவிகளில் பலவும் இந்தக் குவார்ட்ஸ்தான். இதற்கு ஒழுங்காகப் பிளக்கும் தளம் கிடையாது. உடைத்தால் போத்தலைப்போல் வளைந்து சிதறும். அந்தச் சில்லின் ஓரமே அவர்களுக்குக் கத்தி.