நிறைமாதமும் நிறைந்த எடையும்

(மகளிர் சுய உதவிக் குழுவினரும் அங்கன்வாடிப் பணியாளரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று, குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளையும், கருவிலேயே வளர்ச்சி குன்றிப் பிறக்கும் குழந்தைகளையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். இது மருத்துவர் பேசவேண்டிய விஷயமல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். பிரசவம் மருத்துவமனையில் நிகழ்கிறது என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய மாதங்கள் யாவும் கிராமத்தில் கழிகின்றன. கர்ப்பிணி உண்ணும் ஆகாரம், சுமக்கும் குடம், அடுப்படியில் சுவாசிக்கும் புகை, அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு ஆகியவை நம் வீடுகளிலேயே தீர்மானமாகின்றன. ஆதலின் இது கிராம வளர்ச்சிப் பணியேயாகும்.

இரு வகைக் குழந்தைகள்

37 வாரங்கள் நிறைவதற்குள் பிறப்பது குறைமாதக் குழந்தை. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருப்பது எடை குறைந்த குழந்தை. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுதல் தவறு. மாதம் நிறையாமையால் எடை குறைந்த குழந்தையும் உண்டு. மாதம் நிறைந்தும், கருவில் போதிய போஷாக்குக் கிடைக்காமல் மெலிந்து பிறக்கும் குழந்தையும் உண்டு. இரு குறைகளும் ஒருங்கே அமைந்த சிசுவின் நிலை மேலும் இரங்கத்தக்கது.

உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றுள் ஏறத்தாழ 30 லட்சம் நம் நாட்டில் பிறந்தவை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்துக்கு முதற்காரணமாக இருப்பதும் குறைமாதப் பிறப்பே.

எட்டாம் மாதத்தைப் பற்றிய எண்ணம்

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதற்கு ஆதாரம் ஏதுமில்லை. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் சிசுவுக்கு ஆதாயமே. 34ஆம் வாரத்தில் சிசுவின் மூளை, நிறைமாதத்து மூளையின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். பாலை உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகின்ற திறமை ஏறக்குறைய அவ்வாரத்தில்தான் கைகூடுகிறது. தோலின் அடியில் கொழுப்புச் சேர்வதும், தாயிடமிருந்து இரும்புச்சத்து மிகுதியாக வந்து சேர்வதும் கடைசி மூன்று மாதங்களிலேயாம். எனவே எட்டாம் மாதத்தில் வலி கண்டால், விதியென்று வீட்டிலிருத்தல் கூடாது. நுரையீரலை முதிரச் செய்யும் ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போடும் முறை 1972ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டது. நியூஜிலாந்து நாட்டு மருத்துவர்களான லிக்கின்ஸ், ஹோவி ஆகிய இருவரும் அதனைக் கண்டனர். தக்க தருணத்தில் மருத்துவமனையை அடைந்தவர்க்கே அதன் பயன் கிட்டும்.

வயிற்றைச் சுருக்குதல் ஆகாது

பிள்ளை சிறிதாயிருந்தால் பிரசவம் எளிதாகும் என்று கருதிக் கர்ப்பிணிக்கு உணவைக் குறைக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை உண்டால் பிள்ளை பெருத்துவிடும், கறுத்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு, பிள்ளை கறுப்பதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேர் இரத்தசோகையுடையவர் எனத் தெரியவந்தது. இரத்தம் குறைந்த தாயிடமிருந்து சிசுவுக்கு நிறைவான போஷாக்கு எவ்வாறு செல்லும்? மாத்திரையைத் தேநீருடன் அருந்தாமல், 180 நாட்களுக்குக் குறையாமல் உண்ணச் செய்தல் வேண்டும். கீரை, பருப்பு, முட்டை, கேழ்வரகு, நிலக்கடலை ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பவை. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை மருமகள் உண்பது என்ற முறையைக் கர்ப்பகாலத்திலாவது மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

உணவு ஒன்றே காரணமன்று. உயர் இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பாதையில் உண்டாகும் தொற்று, இளவயதுக் கர்ப்பம், அடுத்தடுத்து உண்டாகும் கர்ப்பம், விறகடுப்புப் புகை, புகையிலை மெல்லுதல் ஆகியனவும் காரணங்களாம். ஆகவே பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறையுமுன் மணம் முடிப்பதைத் தடுப்பதும், ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே இரண்டாண்டுகளேனும் இடைவெளி விடச் செய்வதும், குடிநீர்க் குழாயை வீட்டருகே கொணர்வதும் இப்பணியைச் சேர்ந்தவையே.

தாய்வீடு செல்லும் வேளை

நாம் முக்கியமாகக் கருதும் ஒரு விஷயம் உண்டு. தலைப்பிரசவத்துக்கு உரிய பெண், வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு செல்கிறாள். இது நல்ல வழக்கமே. அவளுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆயினும் அவளைக் கவனித்துவந்த கிராம சுகாதார செவிலியர் ஓர் ஊரில் இருக்க, அவளோ வேறோர் ஊரில் இருக்கிறாள். மாத்திரை தீர்ந்துவிடுகிறது, இரத்த அழுத்தப் பரிசோதனை தள்ளிப்போகிறது. சிசு துரிதமாக வளரும் மாதங்களிலேயே இந்த இடைவெளி நேர்கிறது. பிரசவமானபின் சிசுவின் எடையைத் தொடர்ந்து பார்ப்பதும் இரண்டு ஊர்களுக்கிடையே விடுபட்டுப் போகிறது. ஆதலின் வளைகாப்பு நாளன்றே, மஞ்சள் குங்குமத்துடன் தாய்சேய் அட்டையையும் மாத்திரைகளையும் கையில் கொடுத்தனுப்புங்கள். பெண் புறப்படும் ஊரின் குழு, அவள் சென்றடையும் ஊரின் அங்கன்வாடிப் பணியாளருக்குச் செய்தி அனுப்புதல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

1987ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை, கர்ப்பிணியின் உணவுக்கென வழங்கப்படுவது. அது குடும்பக் கடனுக்கும் விசேஷச் செலவுக்கும் போகாமல் அவள் இலையில் வந்து சேர்வதைக் குழுவினர் கவனித்தல் நலம்.

சிறிய சிசுவைப் பேணுதல்

சிறிதாய்ப் பிறந்த குழந்தைக்கு முதற்பகை குளிர். பிறந்தவுடன் குளிப்பாட்டுதலும் சாம்பிராணிப் புகை காட்டுதலும் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்காமல், சீம்பாலை ஊட்டுதல் வேண்டும். உறிஞ்ச இயலாவிடில் பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டலாம். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978ஆம் ஆண்டு வாக்கில், வெப்பப் பெட்டிகள் போதாமையால் மருத்துவர் எட்கர் ரே ஒரு முறையைக் கையாண்டார். குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படுமாறு அணைத்துக் கட்டிவைப்பதே அது. கங்காரு முறை என்பர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடைபெற்று 2021ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கியதால் 28 நாட்களுக்குள் இறந்த சிசுக்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 15.7 என்பதிலிருந்து 12 ஆகக் குறைந்தது. தாய் களைத்திருக்கும்போது தந்தையோ பாட்டியோ அணைத்திருக்கலாம். ஆண்மக்கள் இதற்கு நாணவேண்டியதில்லை.

இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ, 34 வாரங்களுக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு முப்பது நாட்களுக்குள் கண் பரிசோதனை செய்வித்தல் மிகமிக அவசியம். விழித்திரையில் தோன்றும் கோளாறு வெளிப்பார்வைக்குத் தெரியாது. நாள் தவறினால் பார்வையே போய்விடலாம்.

எடைப் பதிவின் மதிப்பு

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷையர் மாவட்டத்தில் 1911ஆம் ஆண்டு முதல், எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையாரின் ஏற்பாட்டில், மருத்துவச்சிகள் ஒவ்வொரு சிசுவின் பிறப்பு எடையையும் எழுதிவைத்தனர். சுகாதாரப் பணியாளர்கள் ஒரு வயது எடையையும் குறித்தனர். பல ஆண்டுகள் கழித்து, டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரும் அவர்தம் துணைவரும் அவ்வேடுகளிலிருந்து 5,654 ஆண்களின் வரலாற்றை ஆராய்ந்து 1989ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை மிகக் குறைந்திருந்தவரிடையே இருதய நோயால் இறந்தோர் மிகுதி என்று அது காட்டிற்று. கருவில் நேர்ந்த குறை ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்தும் தொடரக்கூடும் என்பதை உலகம் உணர அந்த ஏடுகளே உதவின. நம் அங்கன்வாடியில் எழுதப்படும் எடையும் அத்தகைய மதிப்புடையதே. அதை ஒப்புக்காக எழுதுதல் தகாது. தராசு காட்டியவாறே எழுதுதல் வேண்டும். எடை ஏறாத குழந்தை எதுவெனக் கண்டால் அன்றே செவிலியருக்கு அறிவித்தல் வேண்டும்.

சகோதரிகளே! அடுத்த கிராம சபையில் சாலையின் நீளத்தையும் தொட்டியின் கொள்ளளவையும் கேட்பதுடன், சென்ற ஆண்டு நம் ஊரில் பிறந்த குழந்தைகளுள் இரண்டரைக் கிலோ எட்டியவை எத்தனை என்றும் கேளுங்கள். குழந்தையின் பெயரோ தாயின் பெயரோ சபையில் வேண்டா. எண்ணிக்கை ஒன்றே போதும். அவ்வெண் ஆண்டுதோறும் உயருமானால் நம் ஊர் வளர்கிறதென்று கொள்ளலாம். நிறைமாதத்தில், நிறைந்த எடையுடன், நம் வட்டாரத்துக் குழந்தைகள் பிறக்க அனைவரும் ஒன்றுகூடிப் பணியாற்றுவோமாக!