வில்லும் நாணும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கென்று கூடிய அவையில் வேட்டையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நம் பழங்கவிதைக்கு வேட்டை அயலானதன்று. குறிஞ்சியிலிருந்து வேட்டுவனையும் அவன் வில்லையும் நீக்கிவிட்டால் அம்மலையில் பாதி வெறுமையாகிவிடும். சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரி இருக்கிறது. பெரிய புராணத்தில் கண்ணப்பர் இருக்கிறார். வில்லின் உறுப்புகளுக்கும் செயல்களுக்கும் நம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அது 'நாண்' என்னும் சொல். வில்லில் பூட்டும் கயிறும் நாண். தகாதது செய்ய உள்ளம் கூசுவதும் நாண். இவ்விரு பொருள்களும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதை மொழியியலார் ஆராயட்டும். வில்லேந்திய மனிதனிடத்தில் இவ்விரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அது நன்மைக்கே. எனவே வில்வேட்டை நமக்குப் பெரிதும் ஏட்டில் மட்டுமே காணக் கிடைப்பது. ஆனால் வட அமெரிக்காவில் அது இன்றும் சட்டத்துக்கு உட்பட்ட வாழ்க்கை முறையாக இருந்து வருகிறது. துப்பாக்கி மலிந்த நாட்டில் சிலர் வலிந்து வில்லை எடுத்துக்கொள்கிறார்கள். இது ஏன் என்று கேட்டுப் பார்த்தால், கவிஞர்களுக்குப் பயன்படும் சில செய்திகள் கிடைக்கின்றன.

அந்நாட்டவரிடையே வில்லின்மீது மீண்டும் விருப்பத்தை மூட்டியவர்கள் இரு கவிஞர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் என்னும் அச்சகோதரர்கள் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்டவர்கள். போர் முடிந்தபின் ஜார்ஜியாவிலும் புளோரிடாவிலும் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வில்லோடு அலைந்தார்கள். மாரிஸ் அந்த அனுபவங்களை 'வில்வித்தையின் மாயம்' என்று நாம் பெயர் சொல்லத்தக்க நூலாக 1878இல் வெளியிட்டார். மறு ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவரும் அவரே.

எனினும் அந்நாட்டு வில்வேட்டையின் ஆழமான வேர் இச்சகோதரர்களிடம் இல்லை. அது பெயர் சொல்லாத ஒரு மனிதரிடம் இருக்கிறது.

1911 ஆகஸ்டு மாதத்தின் இறுதியில், கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊருக்கு அருகே, ஒரு கசாப்புக் கொட்டில் ஓரத்தில், பசியால் மெலிந்த ஒரு மனிதர் அகப்பட்டார். யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். பொன் தேடி வந்த குடியேறிகள் அவருடைய மக்களைப் பல ஆண்டுகளாகக் கொன்று குவித்திருந்தார்கள். தப்பிய ஒரு சிலர் மான் ஓடை எனப்படும் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் நாற்பது ஆண்டுகளாக மறைந்து வாழ்ந்தார்கள். துப்பாக்கி ஒலித்தால் இருப்பிடம் தெரிந்துவிடும், வில் ஓசையற்றது. 1908இல் நில அளவைக்காரர்கள் அவர்களுடைய ஒளிவிடத்தைக் கண்டு, அங்கிருந்த பொருள்களை எடுத்துச் சென்றார்கள். அதன்பின் அவர் தனியரானார்.

மானிடவியல் அறிஞர் ஆல்பிரட் குரோபரும் வாட்டர்மேனும் அவரைச் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தனர். தம் பெயரைத் தாமே சொல்வது அவர்கள் மரபில் இல்லை. ஆகவே, அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லையே குரோபர் அவருக்குப் பெயராக்கினார். அவருடைய உண்மைப் பெயர் இன்றளவும் எவருக்கும் தெரியாது.

இவ்விடத்தில் புறநானூற்றின் 152ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் அரசன் என்று அறியாமலே பாணர் சுற்றம் பாடுகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணுகிறான். ஒரே அம்பில் ஐந்து உயிர்களை வீழ்த்திய ஆற்றலை நாம் பள்ளியிலிருந்தே வியந்து வருகிறோம். அந்த நாணத்தை நாம் போதிய அளவு கவனித்ததில்லை என்பது என் எண்ணம். அம்பின் விசையைப் பாடிய புலவர், அதை எய்தவன் தலை தாழ்ந்ததையும் சேர்த்தே பாடினார்.

இஷிக்கு மருத்துவம் பார்த்தவர் சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர். அருங்காட்சியகத்தை அடுத்திருந்த மருத்துவமனையில் பணியாற்றிய அவர், நோயாளியிடமே மாணவரானார். இஷியின் வில் ஏறத்தாழ மூன்றரை அடி நீளம். முதுகில் மான் தசைநார் ஒட்டியது. அம்பு முனையைக் கருங்கண்ணாடிக் கல்லில் செதுக்குவார். நகரத்துக்கு வந்தபின் புட்டிக் கண்ணாடியிலும் அதே நேர்த்தியோடு செதுக்கினார். பயன்படாத வேளையில் வில்லைப் படுக்கவைக்க வேண்டும். நிற்கவைத்தால் அது வியர்த்து வலுவிழக்கும் என்பது அவர் நம்பிக்கை.

நெடுந்தொலைவில் வட்டப் பலகையை வைத்து எய்யும் போட்டி முறையில் இஷி சிறந்து விளங்கவில்லை என்று போப் எழுதியிருக்கிறார். அதில் வியப்பொன்றுமில்லை. அவருடைய கலை தொலைவை வெல்லும் கலையன்று; தொலைவைக் குறைக்கும் கலை. வேட்டைக்கு முன்நாள் மீன் உண்ணமாட்டார், புகை பிடிக்கமாட்டார். காலையில் ஓடையில் நீராடி, மணமுள்ள தழையை உடலில் தேய்த்துக்கொள்வார். விரல்களில் உதடு பதித்து, அடிபட்ட முயலின் குரலை எழுப்புவார். அக்குரல் கேட்டு முயல்களும், முயலைத் தேடும் விலங்குகளும் அருகே வரும். எய்வது இறுதியில் ஒரு கணம். அதற்கு முன்பிருந்த அனைத்தும் கேட்பது, மோப்பது, அசையாதிருப்பது. விலங்கை அறிந்தவனுக்கே அது அருகில் வரும் என்பதைப் போப் அவரிடம் கற்றார். பின்னர் 1923இல் 'வில்லும் அம்பும் கொண்டு வேட்டை' என்னும் பொருளுடைய தலைப்பில் அவர் எழுதிய நூலிலிருந்தே அந்நாட்டின் இன்றைய வில்வேட்டை கிளைத்தது. போப், அவருடைய தோழர் ஆர்தர் யங் ஆகிய இருவர் பெயரிலும் 1961இல் தொடங்கப்பட்ட சங்கம், வேலிக்குள் அடைத்த விலங்கையும் வாகனத்தில் துரத்திய விலங்கையும் எய்வதை நியாயமான வேட்டையாக ஏற்பதில்லை.

இவ்வழியில் வந்தவர்களின் அன்றாட வாழ்வைச் சற்றுப் பார்ப்போம். அவர்களில் தச்சரும் உண்டு, ஆசிரியரும் உண்டு, செவிலியரும் உண்டு. கோடை முழுவதும் மாலை வேளைகளில் வீட்டுப் பின்புறத்தில் நுரைப்பொதியை நிறுத்தி எய்து பழகுவார்கள். இலையுதிர் காலம் வந்ததும் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே காட்டுக்குள் சென்று, மரத்தில் கட்டிய பரணில் ஏறி, இடைவாரைப் பூட்டிக்கொண்டு அமர்வார்கள். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதே அன்றைய முதற்கேள்வி. காற்று மாறினால் மனித வாடை மானுக்கு எட்டிவிடும். அன்றைய நாள் அத்தோடு முடிந்தது. பெரும்பாலான நாள்கள் அப்படித்தான் முடிகின்றன. மரங்கொத்தி தட்டுவதையும், அணில் சருகில் நடக்கும் ஓசை மானின் காலடி போலவே கேட்பதையும் மட்டும் கொண்டு வீடு திரும்புகிறவர்கள் மிகப் பலர். இதைத் தோல்வி என்று அவர்கள் எண்ணுவதில்லை.

மான் வந்துவிட்டாலும் ஐயம் தீர்வதில்லை. இருபது கஜத் தொலைவு என்றால் அறுபது அடி. இன்றைய விசை மிகுந்த வில்லிலிருந்து நொடிக்கு முந்நூறு அடி வேகத்தில் அம்பு பாய்ந்தாலும் அத்தொலைவைக் கடக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. நாணின் ஒலியோ நொடிக்கு ஆயிரத்து நூறு அடி செல்வது. அம்புக்கு முன்பே ஒலி சென்று சேர்கிறது. வெண்வால் மான் திடுக்கிட்டு ஓடத் தாழும் அந்த இமைப்பொழுதில் குறி தவறி, நுரையீரலில் பாய வேண்டிய அம்பு முதுகிலோ வயிற்றிலோ பாயக்கூடும்.

இங்கேதான் வில்வேட்டையின் மெய்யான அறச்சிக்கல் இருக்கிறது. அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. குருதியை வடியச் செய்து கொல்கிறது. செம்மையாகப் பாய்ந்தால் மான் சில நொடிகளில் விழும். தவறினால் பல மணி நேரம் வதைபடும். சில வேளைகளில் கண்டெடுக்கப்படாமலே மடியும். ஆகவே எய்தவுடன் பின்னால் ஓடக்கூடாது என்று மூத்தோர் கற்பிக்கிறார்கள். அரைமணி நேரமேனும் காத்திருக்க வேண்டும். பின் இறங்கி, சருகில் சிந்திய குருதியைப் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பில் நுரைத்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பென்றால் ஈரல். அம்பில் தீநாற்றமும் பசுமைக் கறையும் இருந்தால் வயிறு. துரத்தினால் வலியோடு நெடுந்தூரம் ஓடும் என்பதால் இன்னும் பல மணி நேரம் பொறுக்க வேண்டும். பிறகு கைவிளக்கோடு மண்டியிட்டு, துளி துளியாகத் தேடிச் செல்ல வேண்டும். எய்தவன் தன் செயலின் எழுத்தைத் தரையில் தானே படித்துக்கொண்டு போகிற பயணம் அது. காணாமல் திரும்பியவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. இந்த வதை உண்டு என்பதாலேயே வில்வேட்டையை எதிர்ப்போர் அந்நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. உணவுக்கென்று ஒரு மானை எய்து, தன் கையால் அறுத்து, குளிர்காலம் முழுவதும் குடும்பத்தோடு உண்பவனை, கடையில் பொதிந்த இறைச்சியை வாங்குகிறவன் எளிதாகப் பழிப்பதையும் ஒப்ப இயலவில்லை.

கருவியைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் ஆலன் என்பவர் இரு முனைகளிலும் கப்பி கட்டிய வில்லுக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். காம்பவுண்டு வில் என்று அதற்குப் பெயர். முழுவதும் இழுத்தபின் கைக்குத் தெரியும் பாரம் பெரிதும் குறைந்துவிடுவதால் நடுங்காமல் நெடுநேரம் குறி பார்க்கலாம். குறி தவறுவது குறைந்தால் வதையும் குறையும் என்பது ஒரு தரப்பு. எளிதானதும் மனிதன் தொலைவைக் கூட்டிக்கொள்கிறான், இருபது கஜம் நாற்பதாகி அறுபதாகிறது, பழைய ஐயம் அங்கே திரும்ப வந்து நிற்கிறது என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. கருவி தரும் நன்மையை அருகில் நின்றே பயன்படுத்துகிற மனம் இருந்தால் வழக்கே இல்லை. அந்த மனத்துக்குத்தான் நாண் என்று பெயர்.

இதை முன்னரே எண்ணிப் பார்த்தவர் சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு. தம் கையாலேயே வில் செதுக்கிய அவர், அதை ஏந்தி மான் தேடிச் சென்று பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியவர். அவருடைய துணைவியார் எஸ்டெல்லா, விஸ்கான்சின் மாநில மகளிர் வில்வித்தையில் வாகை சூடியவர். மானுக்கென வில்வேட்டைப் பருவம் ஒன்றை 1934இல் முதன்முதல் வகுத்ததும் அம்மாநிலமே. வேடனுக்குக் கைதட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் கூட்டம் இல்லை, அவனுடைய மனச்சான்றே அவனுக்கு நடுவர் என்ற கருத்தை லியோபோல்டு தம் நூலில் வலியுறுத்தினார். 1948இல் அவர் மறைந்து, மறு ஆண்டு அந்நூல் வெளிவந்தது.

இஷியின் முடிவையும் சொல்லியாக வேண்டும். 1916 மார்ச்சு 25இல் காசநோயால் அவர் இறந்தார். உடலை அறுக்கக்கூடாது என்று ஊரில் இல்லாத குரோபர் எழுதிய கடிதம் காலந்தாழ்ந்தே வந்தது. ஒரு வில்லும் ஐந்து அம்புகளும் ஒரு கூடை கருவாலிக்கொட்டை மாவும் உடன் வைத்து அவர் உடலை எரித்தார்கள். ஆனால் மூளையை மட்டும் எடுத்துத் தலைநகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது 2000ஆம் ஆண்டில்தான் அவருடைய உறவினராகிய பழங்குடிகளிடம் திரும்ப வந்தது. ஒரு மக்கள் கூட்டத்தையே அழித்த நாகரிகம், அதன் கடைசி மனிதரிடம் வில்வித்தையைக் கற்றுக்கொண்டது; கற்ற பின்னும் அவரைப் பொருளாகவே வைத்துக்கொண்டது. அவர் நாண் பூட்டக் கற்பித்தார். நாணத்தை அவர்கள் கற்றுக்கொள்ள எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

கவிஞர் பெருமக்களே, நம் கையிலிருப்பதும் எய்யும் கருவிதான். வெண்பாவின் தளையும் ஆசிரியப்பாவின் எதுகையும் ஒரு காலத்தில் நம்மைப் பொருளுக்கு மிக அருகே செல்ல வைத்தன. இன்று சொற்கள் கப்பி கட்டிய வில்லிலிருந்து பாய்கின்றன. தொலைவில் இருக்கும் துயரத்தையும் இருந்த இடத்திலிருந்தே எய்துவிட இயல்கிறது. பழைய யாப்புக்கு அனைவரும் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிறர் துன்பத்தைப் பாடுமுன் அதன் அருகே எவ்வளவு நேரம் அசையாது அமர்ந்திருந்தோம் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளலாம். எய்த சொல் எங்கே தைத்தது என்று இறங்கிச் சென்று பார்க்கலாம். காற்று மாறிய நாளில் ஒன்றும் எழுதாமல் எழுந்து வரலாம். இவ்வட்டத்தின் பத்தாண்டுகளில் எழுதப்பட்ட கவிதைகள் இம்மலரில் இருக்கின்றன. எழுதாமல் விடப்பட்டவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்று கருதுகிறேன்.